துப்பறிவாளனும் டிக்கியில் கிடந்த பெண்ணும்

பேட்மேனைச் சூப்பர் ஹீரோ என்கிறோம். ஆனால் அவனால் பறக்க முடியாது. அடிபட்டால் அவனுக்கும் வலிக்கும். 1939 மே மாதம் அவன் முதன்முதலாகத் தலைகாட்டிய இதழின் பெயர் 'டிடெக்டிவ் காமிக்ஸ்', அதன் 27ஆவது இதழ். இன்று உலகமே அறிந்த 'டிசி' என்ற இரண்டெழுத்து அந்தப் பெயரின் சுருக்கம்தான். அவனுடைய முதல் கதை, ஒரு ரசாயன நிறுவனத்தின் கூட்டாளிகள் அடுத்தடுத்துக் கொல்லப்படுவதைத் துப்பறியும் கதை. அதுவும்கூட பில் ஃபிங்கரின் சொந்தக் கற்பனை இல்லை. 1936இல் 'தி ஷேடோ' என்ற துப்பறியும் பத்திரிகையில் வந்த ஒரு நாவலிலிருந்து எடுத்தது. ஆக, பேட்மேன் பிறந்ததே ஒரு துப்பறியும் கதைக்குள் ஒளிந்திருந்த இன்னொரு துப்பறியும் கதையிலிருந்துதான்.

அதனால்தான் 2022இல் வந்த மேட் ரீவ்ஸின் 'தி பேட்மேன்' எனக்குப் பெரிய விருந்தாக இருந்தது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஓடும் அந்தப் படத்தில் சண்டையைவிடத் துப்பறிவதுதான் அதிகம். மேயர் கொல்லப்படுகிறார். பிணத்தோடு பேட்மேன் பெயருக்கு ஒரு வாழ்த்து அட்டை, அதற்குள் ஒரு விடுகதை, ஒரு சங்கேத எழுத்து. மழை விட்டபாடில்லை. நாயகன் தன் நாட்குறிப்பைத் தானே கரகரத்த குரலில் வாசிக்கிறான். 1940களின் கறுப்பு வெள்ளைத் துப்பறியும் படங்களில் தொப்பியும் மழைக்கோட்டும் போட்டவர்கள் பேசிய அதே தனிமைக் குரல். இவன் போட்டிருப்பது மேலங்கியும் கூர்க்காது முகமூடியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு படத்துக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருக்கும் இன்னொரு படத்தை, நாவலை, காமிக்ஸைக் கண்டுபிடிப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தொற்றிக்கொண்ட பழக்கம். எங்கள் தெரு முனை வாடகை நூலகத்தில் மாத நாவல் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கொடுத்துப் படித்து வளர்ந்தவள் நான். ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அம்மாவுக்கு அது பிடிக்காது. "கொலைக் கதை படிக்கிற பொண்ண எவன் கட்டிப்பான்?" என்பார். அண்ணன் அதே புத்தகத்தை அதே வீட்டில் படித்தபோது யாரும் அவனுடைய கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. பரத்–சுசீலா கதைகளில் சுசீலா கெட்டிக்காரிதான். ஆனால் நூலகத்துக்கு வந்த அண்ணன்கள் பேசியதெல்லாம் அவளுடைய டி-ஷர்ட்டில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பற்றித்தான். அவள் எந்தத் துப்பைக் கண்டுபிடித்தாள் என்று அவர்கள் ஒருநாளும் பேசிக் கேட்டதில்லை.

வளர்ந்த பிறகு வேறு விதமான தடை. காமிக்ஸ், துப்பறியும் கதை, சூப்பர் ஹீரோ படம் இதெல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று ஒரு பெண் சொன்னால் உடனே அவளுக்கு ஒரு தேர்வு வைக்கப்படும். "அப்படியா? ராபின் மொத்தம் எத்தனை பேருன்னு சொல்லு பார்ப்போம்." பக்கத்தில் அதையே சொல்லும் ஆணிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. அவன் ரசிகன் என்றால் ரசிகன். நான் சொன்னால் மட்டும் சான்றிதழ் காட்ட வேண்டும்.

'தி பேட்மேன்' பார்த்துவிட்டு அலுவலக நண்பர்களோடு டீக்கடையில் நின்றபோதும் அதுதான் நடந்தது. ஆளாளுக்குக் கண்டுபிடித்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெய்ன் வீட்டில் தெரியும் ஷேக்ஸ்பியர் சிலை 1966 தொலைக்காட்சித் தொடரிலிருந்து வந்தது. அதில் சிலையின் தலையைப் பின்னால் தள்ளினால் உள்ளே ஒரு பொத்தான் இருக்கும், குகைக்கு வழி திறக்கும். ரிட்லரின் சங்கேதக் கடிதங்கள் சோடியாக் கொலைகாரனிடமிருந்து வந்தவை. வரிசைக் கொலைகளும் ஓயாத மழையும் டேவிட் ஃபின்ச்சரின் 'செவன்'. கதைக்கு எலும்புக்கூடு 'சைனாடவுன்'. எல்லாமே சரிதான்.

"க்ளூட்ட விட்டுட்டீங்களே" என்றேன்.

"எந்தக் க்ளூவ?"

"க்ளூ இல்லடா. க்ளூட். 1971 படம்."

"சூப்பர் ஹீரோ படமா?"

"டிடெக்டிவ் படம். பேரே டிடெக்டிவோட பேருதான். ஆனா படம் அவனப் பத்தினது இல்ல."

அவர்களில் யாரும் அதைப் பார்த்திருக்கவில்லை. பேச்சு உடனே பேட்மேன் காரின் இன்ஜினுக்குத் தாவிவிட்டது. அன்று அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'க்ளூட்' படத்தை இயக்கியவர் ஆலன் ஜே. பக்குலா. காணாமல்போன நண்பனைத் தேடி நியூயார்க் வரும் துப்பறிவாளன் ஜான் க்ளூட். அவன் தேடிப் போகும் பெண் ப்ரீ டேனியல்ஸ், பாலியல் தொழில் செய்பவள். ஜேன் ஃபோண்டா நடித்த பாத்திரம், அவருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. படத்தின் தொடக்கத்திலேயே அவளுடைய குரல் ஒரு டேப் ரெக்கார்டரில் ஓடும். யாரோ ஓர் ஆண் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறான். கடைசியில் கொலைகாரன் அவளைத் தனியாக மடக்கி, அவளுடைய தோழியைத் தான் கொன்றபோது பதிவுசெய்த ஒலிநாடாவை அவளுக்குப் போட்டுக் காட்டுகிறான். கொலையை நாம் பார்ப்பதில்லை. அதைக் கேட்கும் ப்ரீயின் முகத்தை மட்டும் பார்க்கிறோம். அவள் குனிந்து சத்தமில்லாமல் அழுகிறாள். அந்தக் கொலைகாரன் யார் தெரியுமா? க்ளூட்டைத் துப்பறியச் சொல்லிச் சம்பளம் கொடுத்து அனுப்பிய பெரிய மனிதன்.

இனி 'தி பேட்மேன்' படத்துக்கு வருவோம். அதில் அன்னிகா என்று ஒரு பெண் வருகிறாள். வெளிநாட்டிலிருந்து வந்தவள், இரவு விடுதியில் வேலை செய்பவள், மேயரோடு தொடர்பில் இருந்தவள். அவளுடைய பாஸ்போர்ட் மேயர் வீட்டு இரும்புப் பெட்டகத்தில் இருக்கிறது. பூனைப் பெண் செலீனா கைல் மேயர் வீட்டுக்குள் திருடப் போவது நகைக்காக இல்லை. தோழியின் பாஸ்போர்ட்டை மீட்டு அவளை ஊரைவிட்டு அனுப்பத்தான் போகிறாள். அன்னிகாவுக்குப் படத்தில் பேச்சே மிகக் குறைவு. பயந்துகொண்டிருக்கிறாள், காணாமல்போகிறாள், பிறகு ஒரு காரின் டிக்கியில் பிணமாகக் கிடக்கிறாள்.

அதன் பிறகுதான் அவள் பேசுகிறாள். சாகும் நேரத்தில் செலீனாவுக்கு அவள் போட்ட அழைப்பு போனில் குரல் பதிவாகிக் கிடக்கிறது. மாஃபியா தலைவன் ஃபால்கோன் அவளை மிரட்டி விசாரிப்பதும், அவள் கழுத்தை நெரிப்பதும் அதில் கேட்கின்றன. செலீனா அதைப் போட்டுக் காட்டும்போது பேட்மேனும் கார்டனும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். 'க்ளூட்' படத்தின் ஒலிநாடாக் காட்சிதான் இது. நாடா செல்போனாகிவிட்டது. தோழியின் சாவைத் தோழி கேட்கும் அந்த முகம் மட்டும் மாறவில்லை.

இதோடு இன்னொன்றையும் கவனியுங்கள். ரிட்லரின் விடுகதைகள் எல்லாம் சேர்ந்து கேட்கும் கேள்வி, "அந்த எலி யார்?" என்பது. போலீசுக்குத் துப்புக் கொடுத்து எதிரிக் கும்பலை ஒழித்துவிட்டு, ஊரையே மடியில் போட்டுக்கொண்டவன் யார்? பேட்மேன் ஸ்பானிஷ் வார்த்தையை வைத்து யோசிக்கிறான். பென்குவினைத் துரத்திப் பிடிக்கிறான். இறக்கை உள்ள எலி எது என்று மண்டையைக் குடைகிறான். உண்மையில் விடை அன்னிகாவின் குரல் பதிவில் இருக்கிறது. மேயர் அவளிடம் உளறியதைத்தான் ஃபால்கோன் அவள் வாயிலிருந்து பிடுங்குகிறான். உலகின் மிகச் சிறந்த துப்பறிவாளன் என்று பெயரெடுத்தவன் மூன்று மணி நேரப் படத்தில் தேடிய விடையை, விடுதியில் கோப்பை ஏந்தும் ஒரு பெண் ஏற்கனவே தெரிந்து வைத்திருந்தாள். தெரிந்திருந்ததற்காகத்தான் செத்தாள்.

'சைனாடவுன்' விஷயத்துக்கும் இதுவே பொருந்தும். 1974இல் வந்த அந்தப் படம் தனக்கு முக்கியமான முன்மாதிரி என்று ரீவ்ஸ் வெளிப்படையாகச் சொன்னவர். தண்ணீரையும் நிலத்தையும் வைத்து ஒரு கிழட்டுப் பணக்காரன் லாஸ் ஏஞ்சல்ஸையே விழுங்கும் கதை. 'தி பேட்மேன்' படத்தின் இறுதியில் ஊரை மூழ்கடிக்கும் வெள்ளம் எனக்கு அதைத்தான் நினைவுபடுத்தியது. ஆனால் 'சைனாடவுன்' படத்தின் உண்மையான ரகசியம் தண்ணீர் இல்லை. எவ்லின் என்ற பெண்ணைச் சிறுவயதில் அவளுடைய அப்பாவே வன்புணர்வு செய்து அவளுக்குப் பிறந்த மகள்தான் அந்த ரகசியம். துப்பறிவாளன் கிட்டிஸ் அதை எப்படித் தெரிந்துகொள்கிறான்? அவளைக் கன்னத்தில் மாறி மாறி அறைந்து தெரிந்துகொள்கிறான். தன் மகளைக் காப்பாற்றக் கடைசிவரை போராடியவள் எவ்லின். இறுதியில் சுட்டுக் கொல்லப்படுகிறாள், மகள் அந்தக் கிழவனின் கைக்கே போகிறாள். படத்தின் இயக்குநர் ரோமன் போலன்ஸ்கி, 13 வயதுச் சிறுமி தொடர்பான பாலியல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 1978இல் அமெரிக்காவை விட்டு ஓடியவர். அந்த அறையை என்னால் வெறும் 'கிளாசிக் காட்சி' என்று ரசித்துவிட்டுக் கடந்துபோக முடியவில்லை.

ரீவ்ஸின் படத்திலும் செலீனாவின் அப்பா ஃபால்கோன்தான். அவளுடைய அம்மாவைக் கொன்றவனும் அவனே. எவ்லினுக்கு நடந்தது இவளுக்கு நடக்கவில்லை என்பது ஓர் ஆறுதல். இவள் உயிரோடு தப்பித்து, மோட்டார் சைக்கிளில் ஏறி, ஊரைவிட்டே போய்விடுகிறாள். அரை நூற்றாண்டில் அந்த அளவுக்கு நகர்ந்திருக்கிறோம்.

படத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த காட்சி வேறொன்று. பேட்மேன் நுழைய முடியாத உள்விடுதி ஒன்று இருக்கிறது. நகரத்தின் பெரிய மனிதர்கள் குடித்துவிட்டுக் கிடக்கும் இடம். அதற்குள் செலீனாவை அனுப்புகிறான். அவள் கண்ணில் மாட்டியிருக்கும் லென்ஸில் கேமரா, காதில் அவனுடைய குரல். அந்த முகத்தைப் பார், திரும்பவும் பார், விலகாதே என்று அங்கிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். ஓர் ஆணை ஒரு பெண் இரண்டு நொடி கூடுதலாகப் பார்த்தால் அவன் அதை அழைப்பாக எடுத்துக்கொண்டு எழுந்து வருவான் என்பது அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும், ஏனென்றால் எழுந்து வருபவனைச் சமாளிக்கப்போவது அவள்தான். சாட்சியத்தைச் சேகரிப்பது அவளுடைய கண்கள், ஆபத்தில் இருப்பது அவளுடைய உடல், ஆனால் துப்பறிவாளன் என்ற பெயர் மட்டும் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவனுக்கு. ஒரு கட்டத்தில் அவள் இணைப்பைத் துண்டித்துவிடுகிறாள். எனக்குக் கைதட்டத் தோன்றியது.

பெண்கள் கண்டுபிடித்தது காணாமல்போவது கதைகளில் மட்டும் நடப்பதில்லை. ரிட்லருக்கு முன்மாதிரியான சோடியாக் கொலைகாரன் 1969இல் மூன்று செய்தித்தாள்களுக்குச் சங்கேத எழுத்தைப் பிரித்து அனுப்பினான். அதை உடைத்தவர்கள் கலிஃபோர்னியாவின் சலினாஸ் ஊரில் இருந்த ஹார்டன் தம்பதி. கணவர் டொனால்ட் பள்ளி ஆசிரியர். சங்கேத எழுத்தில் முன்அனுபவமே இல்லாத மனைவி பெட்டிதான், இவ்வளவு தற்பெருமை பிடித்தவன் 'நான்' என்றுதான் தொடங்குவான், 'கொல்' என்ற சொல் கட்டாயம் இருக்கும் என்று ஊகித்தார். அந்த ஊகத்தில்தான் பூட்டுத் திறந்தது. ஆணின் அகங்காரத்தை வைத்துச் சங்கேதத்தை உடைத்த அந்தப் பெண்ணின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

'தி பேட்மேன்' கடன் வாங்கிய காமிக்ஸ்களில் ஒன்று, ஜெஃப் லோப் எழுதி டிம் சேல் வரைந்த 'தி லாங் ஹாலோவீன்', 1996–97இல் வந்தது. விழா நாள்களில் மட்டும் கொல்லும் ஒரு கொலைகாரனைப் பேட்மேன் தேடுகிறான், ஒருவன் பிடிபடுகிறான், வழக்கு முடிகிறது. எல்லாம் முடிந்த பிறகு வழக்கறிஞர் ஹார்வி டென்ட்டின் மனைவி கில்டா, வீட்டின் நிலவறையில் தனியாகத் தடயங்களை எரித்துக்கொண்டே, முதல் கொலைகளைச் செய்தது தான்தான் என்று சொல்கிறாள். அதைக் கேட்பது வாசகர்கள் மட்டும்தான். குற்றவாளிகளையும் பைத்தியக்காரர்களையும் சந்தேகித்த துப்பறிவாளன், கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவியை ஒரு நிமிடம்கூடச் சந்தேகிக்கவில்லை. கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் குடும்பப் பெண் யார் கண்ணுக்கும் தெரியமாட்டாள் என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன துப்பறியும் கதை குறைவு.

படத்தில் ஒளிந்திருக்கும் குறிப்புகளையெல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தேன். எல்லாமே துப்பறியும் இலக்கியத்தின் ஒரே கிளையிலிருந்து வந்தவை. மழை, இருட்டு, சிகரெட், தனிமை ஆண். இன்னொரு கிளையும் இருக்கிறது. அமெரிக்க எழுத்தாளர் ஆனா கேத்தரின் க்ரீன் 1897லேயே அமீலியா பட்டர்வொர்த் என்ற வயதான, திருமணமாகாத பெண்ணைத் துப்பறிய வைத்தார். பக்கத்து வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பதுதான் அவளுடைய தொடக்கம். 30 ஆண்டுகள் கழித்து 1927இல் அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் பின்னல் ஊசியோடு வந்து உட்கார்ந்தார். கவனித்தல், நினைவில் வைத்தல், ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போடுதல். ஆண் செய்தால் துப்பறிதல். பெண் செய்தால் அதற்குப் பெயர் வம்பு, வேவு, சந்தேகப்புத்தி.

காமிக்ஸ் உலகில் அந்தக் கிளையின் வாரிசு பார்பரா கார்டன். 1967இல் அவள் பேட்கேர்ளாக அறிமுகமானபோது அவளுடைய வேலை நூலகர். 1988இல் வந்த 'தி கில்லிங் ஜோக்' கதையில் ஜோக்கர் அவளைச் சுட்டு முடமாக்குகிறான். அது அவளுடைய கதைகூட இல்லை, அவளுடைய அப்பாவைப் பைத்தியமாக்குவதற்கான ஏற்பாடு. அவளை அப்படியே தூக்கிப்போட மனமில்லாத கிம் யேல் என்ற எழுத்தாளர், கணவர் ஜான் ஆஸ்ட்ரேண்டரோடு சேர்ந்து 1989இல் அவளை 'ஆரக்கிள்' ஆக்கினார். சக்கர நாற்காலியில், கணினித் திரைகளுக்கு முன்னால், மற்ற நாயகர்களுக்கெல்லாம் தகவல் திரட்டித் தருபவள். 1999இல் கெய்ல் சிமோன் என்ற வாசகி, இப்படிக் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, அதிகாரம் பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பெயர்களைத் தொகுத்துப் பட்டியலாக வெளியிட்டார். 1994இல் வந்த ஒரு 'கிரீன் லான்டர்ன்' கதையில் நாயகனின் காதலியைக் கொன்று ஃபிரிட்ஜுக்குள் திணித்து வைத்திருப்பார்கள். பட்டியலின் பெயர் அங்கிருந்து வந்தது. அப்போது சிமோன் சிகையலங்காரம் செய்துவந்தவர். பின்னாளில் அவரே பெண் நாயகிகளின் 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' தொடரை எழுதினார். ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை அதிகம் பயனுள்ளதாக ஆடியவர் அவர்தான் என்பேன். ஃபிரிட்ஜிலிருந்து கார் டிக்கிக்கு வந்திருக்கும் அன்னிகாவை எனக்கு அடையாளம் காட்டியது அந்தப் பட்டியல்தான்.

இதையெல்லாம் வெறும் சினிமாப் பேச்சாக விட்டுவிட என்னால் முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அந்தக் குழுவில் உறுப்பினராக இருந்தேன். ஒரு பெண் புகார் கொடுத்தார். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், யார் உடனிருந்தார்கள், மேலதிகாரி என்ன சொன்னார், தான் என்ன பதில் சொன்னார், எந்தச் செய்தி எத்தனை மணிக்கு வந்தது என்று கோடு போட்டு எழுதியிருந்தார். நான் படித்த எந்தத் துப்பறியும் நாவலிலும் அவ்வளவு ஒழுங்கான வழக்குக் கோப்பைப் பார்த்ததில்லை.

குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர் நோட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "என்னம்மா, சிஐடி மாதிரி எழுதி வச்சிருக்கே? முதல்லேர்ந்தே பிளான் பண்ணிட்டியா?"

அந்தப் பெண் நிதானமாகச் சொன்னார்: "எழுதி வைக்கலன்னா ஆதாரம் எங்கேன்னு கேப்பீங்க சார்."

எழுதாவிட்டால் ஆதாரமில்லை. எழுதினால் சதி. போனில் பதிவுசெய்து கொண்டுவந்தால் "எதுக்கு ரெக்கார்ட் பண்ணின?" என்பார்கள். அந்த மூத்தவரின் கேள்வியைக் குறிப்பில் அப்படியே பதிய வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். பதிந்தார்கள். புகார் நிரூபணமானது என்று எழுதினோம். அவர் வேறு கிளைக்கு மாற்றப்பட்டார். இந்தப் பெண் இரண்டு மாதத்தில் வேலையை விட்டார். நோட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்.

அன்னிகாவின் குரல் பதிவை யாரும் சந்தேகிக்கவில்லை என்பது அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் என்னை உறுத்துகிறது. எதற்காகப் பதிவுசெய்தாய் என்று பேட்மேன் கேட்கவில்லை, இது ஜோடிக்கப்பட்டதா என்று கார்டன் கேட்கவில்லை. கேட்டு முடித்த மறுநொடியே நம்புகிறார்கள். அவள் செத்துவிட்டாள், அதனால் நம்புகிறார்கள். உயிரோடு இருந்து, விடுதி உடையோடு காவல் நிலையத்துக்குப் போய், மேயர் என்னிடம் இப்படிச் சொன்னார் என்று அவள் சொல்லியிருந்தால், கோத்தம் நகரத்தில் எந்த அதிகாரி அதை எழுதிக்கொண்டிருப்பார்? அந்த ஊரின் போலீசில் பாதிப் பேர் அதே விடுதியில்தான் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் படத்தை நான் இன்னும் நேசிக்கிறேன். மழைக்கோட்டு ஆண்களின் கதைகள் எனக்குப் பிடிக்கும், அவற்றை விட்டுக்கொடுக்கும் எண்ணமும் எனக்கில்லை. ஆனால் ஒரு படத்துக்குள் ஒளிந்திருப்பவற்றைப் பட்டியல் போடுகிறவர்கள் ஷேக்ஸ்பியர் சிலையோடு நிறுத்திக்கொள்வது எனக்குப் போதவில்லை. டிக்கியில் கிடக்கும் பெண்ணும் ஒரு மேற்கோள்தான். எண்பது தொண்ணூறு ஆண்டுகளாகக் கதையிலிருந்து கதைக்குக் கைமாறி வருபவள், எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடப்பதாலேயே யாரும் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளாதவள். என் பட்டியலில் அவள் பெயரை முதல் வரியில் எழுதியிருக்கிறேன். அன்னிகா. தெரிந்த உண்மை: எலி யார் என்பது. யாரிடமிருந்து தெரிந்தது: மேயர். உயிரோடு இருந்தபோது விசாரித்தவர்: கொலைகாரன் மட்டும்.